தூங்கிவிட்ட நோயாளிக்கு பிபி 200 தாண்டியது ஏன்? மூச்சுக்குழாயில் ட்யூப் போடும் முன் கொடுக்கும் மருந்துகள் பற்றி ஒரு சந்தேகம்

முதலாண்டு_கதிர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மயக்கவியல் மேற்படிப்பில் முதலாண்டு படிக்கிறேன். போன வாரம் பார்த்த இரண்டு கேஸ் மனதை விட்டுப் போகவே இல்லை, அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 56 வயதுக்காரர், 80 கிலோ, ரத்த அழுத்தத்துக்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர், குடல் அடைப்பு. வயிறு நிறைந்திருக்கும் என்பதால் வேக முறையில் ட்யூப் போட முடிவு செய்தோம். ஆக்சிஜன் கொடுத்தபின் வலியை அடக்கும் ஃபென்டனில் 100 மைக்ரோகிராம், அது போன கையோடு தூங்க வைக்கும் புரோபோஃபால் 140 மி.கி., உடனே தசை தளர்த்தும் ரோகுரோனியம். ஒரு நிமிடம் எண்ணிவிட்டு லாரிங்கோஸ்கோப்பின் பிளேடை (நாக்கைத் தூக்கிக் குரல்நாணைக் காட்டும் கருவி) வாய்க்குள் விட்டேன். குரல்நாண் சட்டென்று தெரியவில்லை, தூக்கிப் பிடித்துக்கொண்டே தேடினேன், 40 நொடி ஆகியிருக்கும். ட்யூப் சரியாகப் போய்விட்டது. ஆனால் 148/86 இருந்த பிபி 204/112 ஆகிவிட்டது, பல்ஸ் 78-லிருந்து 124. அவரோ நல்ல மயக்கத்தில் இருந்தார், மருந்து போனதும் இமையைத் தொட்டுப் பார்த்தபோதே அசைவில்லை. அப்புறம் ஏழெட்டு நிமிடத்தில், நாங்கள் எதுவும் கொடுக்காமலே, 88/50-க்கு இறங்கி, பிபியை ஏற்றும் எபெட்ரின் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது ஐசியூவில். 63 வயது அம்மா, நிமோனியா முற்றி, தொற்றால் உடம்பே நிலைகுலையும் செப்சிஸ். பிபி 104/58, பல்ஸ் 126. பார்த்துக் கொடு என்று சொன்னதால் புரோபோஃபாலை 80 மி.கி. ஆகக் குறைத்தேன், ஃபென்டனில் அதே 100. பிளேடு வைத்தபோது பிபி கொஞ்சம்கூட ஏறவில்லை. ட்யூப் போட்டு பேக்கை அழுத்த ஆரம்பித்து இரண்டாம் நிமிடம் 56/30. ரத்தக் குழாயைச் சுருக்கி பிபியை ஏற்றும் நோரட்ரினலின் ஓடவிட்டு மீட்டோம். அம்மா இப்போது தேறி வருகிறார்கள், ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரே மருந்துகள்தான். ஒருவருக்கு ஏறியது, இன்னொருவருக்கு விழுந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? முதல் கேஸில் பிபி ஏறியபோது அவருக்கு வலித்ததா? முன்னாலேயே லிக்னோகெயின் (மரத்துப்போக வைக்கும் மருந்து) கொடுத்திருந்தால் ஏறியிருக்காது என்கிறார் ஒரு சீனியர், அதெல்லாம் பழைய கதை என்கிறார் இன்னொருவர். யாரைக் கேட்பது?


பழையபிளேடு எழுதியது:

தம்பி, நேரம், அளவு, எண் எல்லாம் எழுதிக் கேட்டதால்தான் பதில் சொல்ல முடிகிறது. முதல் கேஸை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஐசியூ கேஸுக்கு அங்கேயே வேலை செய்பவர்கள் வருவார்கள்.

முதலில் அவருக்கு வலித்ததா என்ற கேள்வி. நினைவில்லாதவருக்கு வலி என்ற அனுபவம் கிடையாது. ஆனால் வலியைக் கிளப்புகிற சேதி உடம்புக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பிளேடு நாக்கின் அடிப்பகுதியையும் குரல்வளை மூடியையும் அழுத்தித் தூக்கும்போது, அந்தச் சேதி ஒன்பதாவது, பத்தாவது மூளை நரம்புகள் வழியாக மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குப் போகிறது. அங்கிருந்து, ஆபத்தில் உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்பு மண்டலம் வழியாகக் கீழே இறங்கி, மார்புத் தண்டுவடத்தின் மேல் கண்டங்களிலிருந்து இதயத்துக்கும், மற்ற கிளைகளில் ரத்தக் குழாய்களுக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் சேர்கிறது. நோரட்ரினலின் ரத்தத்தில் ஏறுகிறது. இந்தச் சுற்றில் பெருமூளைக்கு வேலையே இல்லை. புரோபோஃபால் பெருமூளையைத் தூங்க வைத்தாலும் கீழே இருக்கிற இந்த வளையத்தை அது முழுதாக அறுப்பதில்லை. தசை தளர்த்தும் மருந்தோ கைகாலை மட்டும்தான் நிறுத்தும், இதயத்துக்குப் போகிற நரம்பைத் தொடாது. அதனால்தான் அசையாமல் படுத்திருப்பவருக்கு 204 வந்தது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. மூச்சுப்பாதையைத் தொட்டால் இதயம் எப்படிப் பதில் சொல்கிறது என்று ரீடும் பிரேஸும் 1940-லேயே எழுதினார்கள். லாரிங்கோஸ்கோப் போடும்போது பிபி ஏறுவதை கிங்கும் கூட்டாளிகளும் 1951-ல் பதிவு செய்தார்கள். அப்போதிருந்து இதை அடக்க எத்தனையோ மருந்துகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேஸின் நேரக் கணக்குக்கு வருவோம், சிக்கல் முழுவதும் அங்கேதான். ஃபென்டனில் ஊசி போட்டதும் வேலையைத் தொடங்கினாலும் உச்சம் தொட 3 முதல் 5 நிமிடம் வேண்டும். நீங்கள் பிளேடு வைத்தது ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில். அதுவும் கிலோவுக்கு 1.25 மைக்ரோகிராம்தான், இந்த எதிர்வினையை அடக்க வழக்கமாக 2 முதல் 3 வேண்டும். ஆக மருந்து உள்ளே போயிருக்கிறது, ஆனால் தேவைப்பட்ட நொடியில் அது வேலைக்கு வரவில்லை. பிளேடு வைத்த சில நொடிகளில் பிபி ஏறத் தொடங்கும், அரை நிமிடம் முக்கால் நிமிடத்தில் உச்சிக்குப் போகும், தூண்டுதல் நின்றால் ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். பிளேடு எத்தனை நொடி உள்ளே இருக்கிறதோ, எவ்வளவு பலமாகத் தூக்குகிறோமோ, அந்த அளவுக்கு ஏற்றமும் கூடும். 15 நொடிக்குள் முடித்திருந்தால் இந்த எண்ணைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் வேறு, அப்படிப்பட்டவர்களுக்கு ஏறினாலும் அதிகம், இறங்கினாலும் அதிகம்.

அப்புறம் 88/50. பலர் அதைத் தனி நிகழ்ச்சியாகப் பார்க்கிறார்கள், எனக்கு அதுவும் இதே நேரக் கணக்கின் மறுபாதியாகத்தான் தெரிகிறது. ட்யூப் போய், ஒட்டி முடித்து, அறுவை நிபுணர் துணி போர்த்திக்கொண்டிருக்கும் நேரத்தில் தூண்டுதல் எதுவும் இல்லை. சரியாக அப்போதுதான் ஃபென்டனில் உச்சத்துக்கு வருகிறது. புரோபோஃபாலும் அப்படித்தான், தூக்கம் சீக்கிரம் வரும், ரத்தக் குழாயை விரிக்கிற வேலை அதைவிட மெதுவாக வரும், வயதானவர்களுக்கு இன்னும் தாமதம். கூடவே, பிபி இறங்கினால் இதயத் துடிப்பைக் கூட்டிச் சமாளிக்கிற அனிச்சைச் செயலையும் அது மழுங்க வைக்கிறது. அதோடு குடல் அடைப்புக்காரர் வாந்தியெடுத்து உள்ளே காய்ந்துபோய் வந்திருப்பார்.

அடுத்த முறை ஃபென்டனிலைக் கொடுத்துவிட்டு, நோயாளி மாஸ்க்கில் ஆக்சிஜன் இழுத்துக்கொண்டிருக்கும் அந்த மூன்று நிமிடத்தைப் பயன்படுத்துங்கள். எப்படியும் காத்திருக்கிற நேரம்தான். மொத்தமாகத் தள்ளாமல் மெதுவாகக் கொடுங்கள், அதிக அளவை வேகமாகத் தள்ளினால் நெஞ்சு விறைத்துக்கொள்ளும். கண் சொருகுகிறாரா, மூச்சு குறைகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும், வயிறு நிறைந்த ஆளுக்கு இது ரொம்ப முக்கியம். காத்திருக்க முடியாத கேஸ் என்றால் அல்ஃபென்டனில், ரெமிஃபென்டனில் மாதிரி ஒன்றரை நிமிடத்தில் உச்சம் தொடுகிற மருந்து கைவசம் இருந்தால் அது பொருந்தும், பல்ஸ் விழுவதை மட்டும் எதிர்பார்த்திருங்கள்.

லிக்னோகெயின் பற்றிக் கேட்டீர்கள். கிலோவுக்கு 1.5 மி.கி., பிளேடு வைப்பதற்கு ஒன்றரை முதல் மூன்று நிமிடம் முன்னால். நான் பல வருடமாகக் கொடுக்கிறேன், இருமலை நன்றாக அடக்குகிறது, பிபியையும் ஓரளவு பிடிக்கிறது என்பது என் அனுபவம்.


இரவுப்பணி_ஐசியூ எழுதியது:

கதிர், அந்த அம்மா தேறி வருகிறார்கள் என்று படித்ததும்தான் மேலே படிக்க முடிந்தது.

உங்கள் இரண்டாவது கேஸில் பிளேடு வைத்தபோது பிபி ஏறவில்லை என்றீர்களே, அதுதான் எச்சரிக்கை. ஏறுவதற்கு அவர்களிடம் மிச்சமே இல்லை. பல்ஸ் 126, பிபியின் மேல் எண் 104. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 1.2. ஷாக் இன்டெக்ஸ் என்று சொல்வது இதைத்தான். இது 0.8-ஐத் தாண்டினாலே ட்யூப் போட்ட பிறகு பிபி விழும் வாய்ப்பு அதிகம் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். 104 என்ற எண்ணைப் பார்த்து மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் அந்த 104-ஐ நிறுத்தி வைத்திருந்தது பரிவு நரம்பு மண்டலம் முழு மூச்சாகச் செய்துகொண்டிருந்த வேலை. மூச்சுத் திணறல், பயம், கார்பன் டை ஆக்சைடு கூடியது, எல்லாம் சேர்ந்து நோரட்ரினலினைப் பிழிந்து ஊற்றிக்கொண்டிருக்கும். புரோபோஃபாலும் ஃபென்டனிலும் அந்தக் குழாயை மூடிவிட்டன. அதோடு பேக்கை அழுத்தியதும் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் குறைந்தது. மூன்றும் ஒரே நிமிடத்தில் நடக்கும்போது 56 வராமல் என்ன செய்யும்.

இது உங்கள் கையால் மட்டும் நடந்த விபத்து என்று நினைக்காதீர்கள். 29 நாடுகளில் 2,964 நோயாளிகளை வைத்து இன்ட்யூப் என்ற ஆய்வு 2021-ல் வெளிவந்தது, உயிருக்கு ஆபத்தான நிலையில் ட்யூப் போடப்பட்டவர்கள் எல்லோரும். அதில் 42.6 சதவீதம் பேருக்கு ரத்த ஓட்டம் நிலைகுலைந்தது, 3.1 சதவீதம் பேருக்கு இதயம் நின்றது. ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியது 9.3 சதவீதம்தான். நாமோ ட்யூப் என்றால் ஆக்சிஜனைப் பற்றியே பயப்படுகிறோம். நான் பழகிய இடங்களில் எல்லாம் வீடியோ லாரிங்கோஸ்கோப் தயாராக இருக்கும், ட்யூபுக்கு வழிகாட்டும் பூஜி குச்சி தயாராக இருக்கும், நோரட்ரினலினை மட்டும் விழுந்த பிறகுதான் கலக்க ஓடுவார்கள்.

அதனால் இப்படிப்பட்ட நோயாளிக்கு நான் செய்வது: நோரட்ரினலின் முதலில் ஓடத் தொடங்க வேண்டும், பிறகுதான் மயக்க மருந்து சிரிஞ்சைத் தொடுவேன். சலைன் ஒரு பாட்டில் ஓட்டினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். 500 மி.லி. ஓட்டுவதால் பலன் உண்டா என்று பார்த்த பெரிய ஆய்வு 2022-ல் வந்தது, எல்லோருக்கும் வழக்கமாக ஓட்டியதில் ரத்த ஓட்டச் சரிவு குறையவில்லை. உண்மையிலேயே நீர்ச்சத்து வற்றியவருக்கு ஓட்டுங்கள், ஆனால் அதை நம்பி நோரட்ரினலினைத் தள்ளிப்போடாதீர்கள். மயக்க மருந்தை வழக்கமான அளவில் பாதி, சில நேரம் அதற்கும் குறைவு. தசை தளர்த்தும் மருந்தை மட்டும் குறைக்கக் கூடாது. ரத்தம் மெதுவாக ஓடுகிற உடம்பில் அது போய்ச் சேரவே தாமதமாகும், ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. முழுதாகக் கொடுத்து இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஃபென்டனில்? இவர்களுக்கு அடக்குவதற்கு ஏற்றமே இல்லாதபோது எதற்கு? ட்யூப் போட்டு பிபி நிலைத்த பிறகு கொடுங்கள்.

மயக்க மருந்துத் தேர்வில் கெட்டமின் பற்றி ஒரு வார்த்தை. அது பரிவு நரம்பைத் தூண்டும், நோரட்ரினலின் நரம்பு முனைக்குள் திரும்பப் போவதையும் தடுக்கும், அதனால் பிபி விழாது என்று பாடத்தில் படிப்போம். பெரும்பாலானவர்களுக்கு அது சரி. ஆனால் நேரடியாக இதயத் தசை மேல் கெட்டமின் அழுத்துகிற மருந்துதான். சாதாரணமாகப் பரிவு நரம்பின் தூண்டுதல் அதை மூடிவிடுவதால் நாம் பார்ப்பதில்லை. நாள்கணக்கில் போராடி நோரட்ரினலின் இருப்பெல்லாம் தீர்ந்துபோன நோயாளியில் அந்த மறுபக்கம் வெளியே வரும். கெட்டமின் கொடுத்தும் பிபி விழுந்து இதயம் நின்றதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு கெட்டமினையும் பாதி அளவில்தான் தொடங்குகிறேன். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து ரத்த ஓட்டத்தை அதிகம் அசைக்காது, ஆனால் ஒரே ஒரு டோஸ்கூட கார்ட்டிசோல் தயாரிக்கிற நொதியை ஒரு நாள் வரைக்கும் அடக்கி வைக்கும், அதனால் செப்சிஸில் எனக்கு அது இரண்டாவது தேர்வு. இதில் என்னோடு ஒத்துப்போகாத நல்ல மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள்.


முதலாண்டு_கதிர் எழுதியது:

சார், மேடம், இருவருக்கும் ரொம்ப நன்றி. அந்த 1.2 கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. எண் கண்முன்னால்தான் இருந்தது.

அடுத்த மாதம் நரம்பு அறுவை அரங்குக்கும் அதன் பிறகு குழந்தைகள் பிரிவுக்கும் போகிறேன். தலைக்காயத்துக்கு முன்கூட்டியே லிக்னோகெயின், குழந்தைக்கு முன்கூட்டியே பல்ஸை ஏற்றும் அட்ரோபின் என்று பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. இவை இன்னும் செல்லுமா?


கபாலம் எழுதியது:

நரம்பு அறுவை மயக்கவியலில் இருக்கிறேன். லிக்னோகெயின் விஷயத்தில் பழையபிளேடு சாரோடு நான் மாறுபடுகிறேன், மரியாதையோடுதான் சொல்கிறேன். இருமலை அடக்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தசை முழுதாகத் தளர்ந்த நோயாளி எப்படியும் இருமப் போவதில்லை. பிபி ஏற்றத்தை அடக்குவதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஒன்றில் பலன், இன்னொன்றில் பூஜ்யம். தலைக்காயத்தில் அதைக் கொடுத்ததால் நோயாளி பிழைத்தார், மூளை தப்பியது என்று காட்டுகிற சான்று கிடையாது. அதனால் நான் நிறுத்திவிட்டேன்.

தலைக்காயத்தில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மூளைக்குப் போகிற அழுத்தம் என்பது சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் இருக்கிற அழுத்தத்தைக் கழித்தது. நல்ல மூளை, சராசரி அழுத்தம் ஏறக்குறைய 50-லிருந்து 150 வரை எப்படி மாறினாலும் தன் ரத்தக் குழாயைச் சுருக்கியோ விரித்தோ ஓட்டத்தைச் சமமாக வைத்துக்கொள்ளும். அடிபட்ட மூளையால் அது முடியாது. அதனால் பிளேடு வைக்கும்போது 204 வந்தால் அந்த அழுத்தம் அப்படியே உள்ளே போய் வீக்கத்தையும் கசிவையும் கூட்டலாம். 80-க்கு விழுந்தாலோ உயிரோடு மிச்சமிருக்கிற மூளை பட்டினியாகும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், விழுவதுதான். மேல் எண் 90-க்குக் கீழே ஒரே ஒரு தடவை போனால்கூட இறப்பு விகிதம் கூடுகிறது என்று பல வருடமாகத் தெரியும். இப்போதைய வழிகாட்டு நெறிகள் வயதைப் பொறுத்து மேல் எண் 100 அல்லது 110-க்குக் குறையாமல் வைக்கச் சொல்கின்றன.

இன்னொன்று, தலைக்காயத்தோடு வருகிறவருக்கு 190/100, பல்ஸ் 48 இருந்தால் அதை மருந்து கொடுத்து இறக்கப் போகாதீர்கள். மண்டைக்குள் அழுத்தம் கூடிவிட்டதால் மூளை தனக்கு ரத்தம் வர வேண்டும் என்று தானே ஏற்றி வைத்திருக்கிற பிபி அது, குஷிங் எதிர்வினை. அந்த ஆளுக்கு, பல்ஸையும் பிபியையும் இறக்கும் எஸ்மோலாலைத் தள்ளினால் விபரீதமாகிவிடும்.

எஸ்மோலால் எனக்குப் பிடித்த மருந்துதான், இடம் பார்த்துக் கொடுத்தால். கிலோவுக்கு 1 மி.கி. போல, பிளேடுக்கு இரண்டு நிமிடம் முன்னால். ரத்தச் சிவப்பணுவில் இருக்கிற நொதியே அதை உடைத்துவிடும், அரை ஆயுள் 9 நிமிடம்தான், அதனால் பிறகு பிபி விழுந்து கிடக்கிற தொல்லை குறைவு. பல்ஸை நன்றாகப் பிடிக்கும், பிபியை அந்த அளவுக்குப் பிடிக்காது. மூளையில் ரத்தக் குழாய் வீங்கி வெடிக்கக் காத்திருப்பவர், இதயத் தமனி அடைப்புக்காரர், மகாதமனி கிழிந்தவர், இவர்களுக்கெல்லாம் ஏற்றத்தை அடக்குவது உண்மையிலேயே உயிர் காக்கிற வேலை, அங்கே ஃபென்டனில் மாதிரி ஓபியாய்டையும் எஸ்மோலாலையும் நேரம் பார்த்துச் சேர்த்துக் கொடுப்பேன். கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றிய தாய்க்கு மெக்னீசியம் நல்ல துணை, அட்ரினலின் வகையான கேட்டகாலமின் சுரப்பையே குறைக்கும், ஆனால் ரோகுரோனியம், வெக்குரோனியம் வகை மருந்தின் வேலையை நீட்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது. டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்தைப் பத்து நிமிடம் ஓட்டிக் கொடுத்தால் ஏற்றத்தை அழகாகத் தட்டிவிடும், அவசர கேஸில் அந்தப் பத்து நிமிடம் யாரிடம் இருக்கிறது.

கெட்டமின் மண்டை அழுத்தத்தைக் கூட்டும், தலைக்காயத்தில் கூடாது என்று என் மாணவப் பருவத்தில் அடித்துச் சொன்னார்கள். 1970-களில் வந்த சில பதிவுகள்தான் அந்தப் பயத்துக்கு வேர். தூக்க மருந்து கொடுத்து, வென்டிலேட்டரில் கார்பன் டை ஆக்சைடை அளவாக வைத்தவர்களில் அப்படிக் கூடுவது பெரிதாகக் காணப்படவில்லை. அடிபட்டு ரத்தமும் இழந்து வருகிறவருக்கு நான் தயங்காமல் கெட்டமின் எடுக்கிறேன்.


பழையபிளேடு எழுதியது:

கபாலம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் லிக்னோகெயினும் ஓபியாய்டும் சேர்த்துத்தான் எப்போதும் கொடுத்திருக்கிறேன், அதனால் எது வேலை செய்தது என்று என் அனுபவத்தை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. தம்பி, இந்த இடத்தில் என்னைவிட அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.


பிஞ்சுமூச்சு எழுதியது:

குழந்தைகள் பகுதி என்னுடையது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்குப் பரிவு நரம்பு கை ஓங்கியிருக்கும், கைக்குழந்தைக்கு இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி பலம். அதனால் அங்கே பிளேடு வைத்தால் ஏறுவதற்குப் பதில் பல்ஸ் இறங்கலாம். பச்சிளம் குழந்தை ஒரு துடிப்புக்கு வெளியேற்றுகிற ரத்தத்தின் அளவைப் பெரிதாகக் கூட்ட முடியாது, துடிப்பு குறைந்தால் ஓட்டமும் கூடவே குறையும். இதனால்தான் ஒரு காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் அட்ரோபின் கொடுத்தோம். அமெரிக்க இதய சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், அவசர இன்ட்யூபேஷனில் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது, பல்ஸ் இறங்கும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைக்குக் கொடுக்கலாம். அளவு கிலோவுக்கு 0.02 மி.கி. முன்பு 0.1 மி.கி.க்குக் குறையக் கூடாது என்று இருந்த விதியை இந்தச் சூழலுக்கு அவர்கள் எடுத்துவிட்டார்கள். உங்கள் குறிப்பேட்டில் அந்த 0.1 இருந்தால் அடித்துவிடுங்கள்.

தசை தளர்த்த சக்சினைல்கோலின் போட்டால் நான் அட்ரோபினைப் பக்கத்திலேயே இழுத்து வைத்திருப்பேன். வேகஸ் நரம்பு சுரக்கிற அசிட்டைல்கோலின் மாதிரியே இருக்கிற மருந்து என்பதால் இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் முனையிலும் போய் ஒட்டிக்கொள்ளும், குறிப்பாக இரண்டாவது டோஸில் பல்ஸ் தடாலென்று விழும்.

ஆனால் ட்யூப் போடும்போது குழந்தையின் பல்ஸ் இறங்கினால் முதலில் தேட வேண்டியது ஆக்சிஜன். பிளேடை வெளியே எடுத்து, மாஸ்க் வைத்துக் காற்று கொடுங்கள். அட்ரோபின் அதற்குப் பிறகு. முன்கூட்டியே அட்ரோபின் கொடுத்து பல்ஸ் 160-ல் நின்றுகொண்டிருந்தால், ஆக்சிஜன் குறைவதற்குக் குழந்தை காட்டுகிற ஒரே சைகையும் மறைந்துபோகலாம். வழக்கமாகக் கொடுப்பதை நான் விட்டதற்கு அதுதான் முக்கியக் காரணம்.


வார்டு_சிஸ்டர் எழுதியது:

நான் மருத்துவர் இல்லை, ஐசியூவில் 14 வருடம் செவிலியராக இருக்கிறேன். ட்யூப் போடும் முன் கொடுக்கும் மருந்து பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், போட்ட பிறகு வரும் பத்து நிமிடம் எங்களுடையது, அதைச் சொல்லலாமா?

ஒருமுறை வேறு இடத்திலிருந்து ஒருவரை ட்யூப் போட்டு எங்களிடம் அனுப்பினார்கள். எட்டோமிடேட், ரோகுரோனியம் கொடுத்தது சீட்டில் இருந்தது, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. வந்து சேர அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. பிபி 180, பல்ஸ் 130. பிபிக்கு மருந்து எழுதப் பேனாவை எடுத்தார்கள். முகத்தைத் துடைக்கப் போனபோது கண்ணோரத்தில் ஈரம், வழிந்துகொண்டே இருந்தது. எட்டோமிடேட் தூக்கம் ஐந்து, பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். ரோகுரோனியம் ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும். அந்த மனிதர் விழித்தபடி, விரல்கூட அசைக்க முடியாமல், தொண்டையில் குழாயோடு ஆம்புலன்ஸில் வந்திருக்கிறார். உடனே தூக்க மருந்தும் வலி மருந்தும் தொடங்கச் சொன்னேன், தொடங்கினார்கள், பிபி தானாக இறங்கியது. பிறகு அவர் குணமாகி, ஆம்புலன்ஸில் யார் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொன்னார்.

அதனால் கதிர் தம்பி, ட்யூப் போட்டபின் பத்து நிமிடம் கழித்தும் பிபியும் பல்ஸும் மேலேயே நின்றால் அதை பிளேடின் எதிர்வினை என்று விட்டுவிடாதீர்கள். தூக்க மருந்து ஓடுகிறதா என்று பம்பைப் பாருங்கள்.


இரவுப்பணி_ஐசியூ எழுதியது:

சிஸ்டர் சொன்னதை எல்லோரும் படிக்க வேண்டும். மயக்கத்தின்போது விழிப்பு பற்றி பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய தணிக்கை 2014-ல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் 19,000 மயக்கத்துக்கு ஒன்று, தசை தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களில் 8,000-க்கு ஒன்று, பொது மயக்கத்தில் நடந்த சிசேரியனில் 670-க்கு ஒன்று. இவை நோயாளிகள் தாங்களாக வாய் திறந்து சொன்ன கணக்கு. கதிர், உங்கள் ஐசியூ நோயாளிக்கு மயக்க மருந்தைப் பாதியாக்கச் சொன்னேன் அல்லவா, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிபி நிமிர்ந்த உடனே தூக்க மருந்து தொடங்க வேண்டும், அதை முன்கூட்டியே கலந்து பம்பில் மாட்டி வைத்துவிட்டுத்தான் ட்யூப் போட வேண்டும்.


முதலாண்டு_கதிர் எழுதியது (மூன்று நாள் கழித்து):

நேற்று இரவு ஒரு கேஸ், 61 வயது, கழுத்துத் தமனி அறுவைக்கு வந்தவர், பிபி 162/90. வெறும் வயிறு, அவசரம் இல்லை. ஃபென்டனில் 150 மைக்ரோகிராம் மெதுவாகக் கொடுத்துவிட்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாம் நிமிடம் புரோபோஃபாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, கண் மூடும் வரைக்கும் மட்டும், 90 மி.கி.யில் மூடிவிட்டார். தசை தளர்ந்தபின் வீடியோ லாரிங்கோஸ்கோப், 12 நொடி. உச்சத்தில் 158/88, பல்ஸ் 82. பிறகு இறங்கியதில் மிகக் குறைந்தது 112/64. பிபியை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் சிரிஞ்சில் இழுத்துத் தயாராக வைத்திருந்தேன், ஒரு தடவை 50 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. பம்பையும் பார்த்தேன் சிஸ்டர், ஓடிக்கொண்டிருந்தது.

பழையபிளேடு சார், ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் இரண்டாம் நிமிடமே அவர் மூச்சு விடுவது குறைந்துவிட்டது, கூப்பிட்டு இழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அளவு அதிகமா?


பழையபிளேடு எழுதியது:

அளவு அதிகமில்லை தம்பி, 61 வயதுக்கு அப்படித்தான் இருக்கும். மூச்சு விடுங்கள் என்று சொன்னால் விடுகிறார் என்றால் சொல்லிக்கொண்டே இருங்கள், சொல்லியும் விடவில்லை என்றால் மூன்று நிமிடத்துக்குக் காத்திருக்காமல் புரோபோஃபாலைத் தொடங்கி மாஸ்க்கில் காற்று கொடுங்கள். 70 தாண்டியவர் என்றால் ஃபென்டனிலைக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமில் தொடங்கிப் பாருங்கள்.